பத்து விரல் திருடன்

இன்னும் ஒரே ஒரு மோட்டார்சைக்கிள் காணாமல் போனால், மாங் குலாஸின் காவல் வேலை காலி. எல்லோரும் 'கபித்தானா' என்று கூப்பிடும் பேட்டைத் தலைவி நெனித்தா நேற்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"விசிலையும் சட்டையையும் கழட்டி மேசை மேல வெச்சுட்டு, வீட்டுக்குப் போயி கோழி மேய்ச்சுக்கிட்டு இருங்க மாங் குலாஸ்."

மலோலோஸ் நகரத்தின் ஓரத்து அந்தப் பேட்டைக்குத் திருடன் பட்டப்பகலில் வருகிறான். இரும்பு அறுக்கும் கட்டிங் மெஷினோடு வந்து, வண்டியோடு போய்விடுகிறான். ஆள் எப்படி இருப்பான் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. பிள்ளைகள் மணிலாவுக்குப் போன பிறகு, தெருவில் நாலு பேர் மாங் குலாஸைத் திரும்பிப் பார்ப்பதே அந்த விசிலால்தான்.

காலை ரோந்தில் 'கிர்ர்ர்' என்று சத்தம் கேட்டது. ஓடினார். தலைவியின் வீட்டு வாசலிலேதான்! சட்டை போடாத ஒருவன், காலில் ரப்பர் செருப்பும் வாயில் சிகரெட்டுமாக, கேட்டின் கீலை அறுத்துக்கொண்டிருந்தான். மெஷினில் சக்கரத்தை மறைக்கும் மூடி இல்லை. பொறி அவன் தொப்புள் வரை தெறித்தது. இடது கையில் சுண்டுவிரலைக் காணோம்.

மாங் குலாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் துருப்பிடித்த கேட்டை மாற்ற வேண்டும் என்று தலைவி ஈஸ்டரிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறார். ஒருவழியாக ஆள் வந்துவிட்டான். கையைப் பார்த்தாலே தெரிகிறதே, நல்ல அனுபவசாலி.

"கண்ணாடி போட்டுக்கக் கூடாதா தம்பி?"

"ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தானே பாஸ் அறுக்கறேன். ஒண்ணு போனாலும் ஒண்ணு மிச்சம்."

"அதுவும் சரிதான்." மாங் குலாஸ் தம் நெற்றித் தழும்பைத் தடவிக் காட்டினார். "போன வருஷம் கோழிக்கூண்டு செய்யறப்ப வீல் உடைஞ்சு பறந்துச்சு. கொஞ்சம் கீழே பட்டிருந்தா நான் ஒத்தைக்கண்ணன். மூடியைக் கழட்டாதீங்கன்னு டாக்டரம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க."

"மூடி இருந்தா பெரிய வீல் மாட்ட முடியாதே பாஸ்?"

"அதைத்தான் நானும் டாக்டரம்மாகிட்ட சொன்னேன்."

ஆனாலும் பட்டவர் இல்லையா, பாதுகாப்பில் அவருக்கு அக்கறை உண்டு. கேட் சாயாமல் தாங்கிப் பிடித்தார். பொறி தெறிக்கும் தூரத்தில் இருந்ததையெல்லாம் ஓரம் கட்டினார். முனைக் கடையிலிருந்து காப்பியும் சர்க்கரை போட்டுப் பொரித்த வாழைப்பழமும் வாங்கி வந்து கொடுத்தார். வேலைக்கு வந்தவனைப் பட்டினி போட்ட தெரு என்று பெயர் வரலாமா?

அப்போது பின்தெருவில் இன்னொரு மெஷின் சத்தம்.

இருவரும் போய் மதில் மேல் எட்டிப் பார்த்தார்கள். தனியாக இருக்கும் மெர்லியின் வீட்டு முற்றம். அவள் சந்தைக்குப் போயிருக்கும் நேரம். அங்கே ஒருவன் இரும்பை அறுத்துக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கண்ணாடி, அதன் மேல் முகம் முழுக்க ஒரு மறைப்பு, மூக்குக்கு ஒரு மூடி, காதுக்கு இரண்டு கிண்ணங்கள், முழங்கை வரை தோல் கையுறை, கனத்த பூட்ஸ். பக்கத்திலேயே ஒரு புத்தம்புது மோட்டார்சைக்கிள்.

"பாஸ்," என்று கிசுகிசுத்தான் கேட்டை அறுத்தவன். "இந்த வெயில்ல எவனாவது இப்படி மூடிக்கிட்டு வேலை செய்வானா? மூஞ்சியைக் காட்ட முடியாதவன்தான் செய்வான்."

"கையுறையைப் பாரு, பத்து விரலும் முழுசா இருக்கு," என்றார் மாங் குலாஸ். "இவனாவது வேலைக்காரனாவது!"

உள்ளே போய் விசில் ஊதினார். அவன் திரும்பவே இல்லை. கன்னம் வலிக்க ஊதினார். ம்ஹூம்.

"திமிரைப் பாரு! அமுக்கிட வேண்டியதுதான்."

"அவசரப்படாதீங்க பாஸ், மொதல்ல பிளக்கைப் புடுங்குங்க. சுத்துற வீலுக்குக் கண்ணு தெரியாது."

பிளக்கைப் பிடுங்கி, சக்கரம் நிற்கும்வரை பொறுத்து, பின்னாலிருந்து கோழிவலையைப் போர்த்தி அமுக்கினார்கள். மறைப்புக்குள்ளிருந்து "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று மட்டும் வந்தது.

"நீங்க கூட்டிட்டுப் போங்க பாஸ். எனக்குக் கேட்டு பாதியில நிக்குது."

வலையோடு இழுத்துக்கொண்டு பேட்டை அலுவலகத்துக்குள் மாங் குலாஸ் ராஜநடையில் நுழைந்தார். தலைவி நெனித்தா எழுந்து வந்து மறைப்பைத் தூக்கினார், மூக்குமூடியை இறக்கினார், கண்ணாடியைக் கழற்றினார்.

"அட, ரெய்னான்தே! கத்தார்லேர்ந்து எப்படா வந்தே?"

"நேத்துதான் கபித்தானா," என்றான் மெர்லியின் புருஷன். "மெர்லிக்குச் செருப்பு அடுக்க ஒரு ஸ்டாண்டு செஞ்சுக்கிட்டிருந்தேன். கப்பல் பட்டறையில இதெல்லாம் போடலேன்னா வாசல்லயே நிறுத்திடுவான். அப்படியே பழகிப்போச்சு. அங்க ஒரு கீறல் இல்லாம வந்தவனை, இங்க கோழி மாதிரி அமுக்கிட்டாரு!"

மாங் குலாஸுக்குக் காது மடல் வரை சுட்டது. கை தானாக விசில் கயிற்றைக் கழற்றப் போனது.

தலைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விடுங்க மாங் குலாஸ். இன்னிக்குத்தான் மொதல் தடவையா யாரையோ பிடிச்சிருக்கீங்க. வண்டி ஒண்ணும் போகலையே, விசில் உங்ககிட்டயே இருக்கட்டும்."

மாங் குலாஸின் கண் கலங்கிவிட்டது. நன்றி பொங்க, வார்த்தையும் பொங்கியது.

"என்னை மட்டும் சொல்லாதீங்க கபித்தானா. உங்க வீட்டுக் கேட்டை அறுக்கற தம்பி இல்லேன்னா நான் தனியா பிடிச்சிருக்கவே முடியாது. தங்கமான பையன். நானும் சும்மா இல்லே, பொறி பட்டு டாங்க் பத்திக்கக் கூடாதேன்னு கேட்டு விலகின சந்து வழியா உங்க மோட்டார்சைக்கிளை உள்ளேயிருந்து நானே தள்ளிட்டு வந்து, ரோட்டோரமா, அவன் கண் பார்வையிலயே நிறுத்திட்டு வந்திருக்கேன்."

தலைவியின் சிரிப்பு நின்றது. "கேட்டை அறுக்க நான் யாரையும் வரச் சொல்லலையே?"