வலப்பக்கப் பெயர்கள்

தேவாலயத்தின் பின்னறை மேசையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. தாள்தாளாக மாவுப் பசையில் ஒட்டிய மனு, மேசை கொள்ளாமல் தரைவரை தொங்குகிறது. அடிமைகளை விடுதலை செய்யச் சொல்லி வாஷிங்டனுக்குப் போகும் மனு. இடப்பக்கம் ஓட்டுரிமை உள்ள ஆண்களின் பெயர்கள், வலப்பக்கம் பெண்களின் பெயர்கள். இரண்டுக்கும் ஓஹியோ சேற்றில் வீடு வீடாக ஏறி இறங்கியது ஹெப்சிபாவும் நானும்தான். அவள் பூட்ஸிலிருந்து காய்ந்த சேறு இன்னும் உதிர்கிறது. அடிமை ஒழிப்புச் சங்கச் செயலாளர் டாய்ல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிறார். "வலப்பக்கம் ரொம்ப நீளமா இருக்கே, சகோதரி. பொம்பளைங்க மனுன்னு அங்க சிரிப்பாங்க. வெட்டி எடுத்துடலாம்." "பாதிக்கு மேல நாங்கதானே இருக்கோம்?" என்கிறாள் ஹெப்சிபா. "அதாம்மா சங்கடமே. உங்க தையல் பையில கத்திரி இருக்குமே?" ஹெப்சிபா என்னைப் பார்க்கிறாள். மனுவை அனுப்பிவைப்பவர் அவர்தான்; கொடுக்காவிட்டால் மனுவே போகாது. கொடுக்கிறாள். ஆளுக்கொரு முனையாக நாங்கள் இழுத்துப் பிடிக்க, அவர் நடுவில் வெட்டிக்கொண்டே போகிறார். ஒட்டுப்போட்ட இடங்களில் கத்திரி திணறுகிறது. "பலே, கெட்டியாத்தான் ஒட்டியிருக்கீங்க!" வலப்பக்கம் தரையில் சுருண்டு விழுகிறது. முதல் பெயர் ஹெப்சிபாவுடையது. டாய்ல் கத்திரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளையும் மைக்கூட்டையும் அவள் பக்கம் நகர்த்துகிறார். "மனுவோட ஒரு கடிதம் வைக்கணும். நீங்க எழுதினாத்தான் உருக்கமா இருக்கும், எழுதுங்க சகோதரி. கீழ பேரை நான் போட்டுக்கறேன்."