ஒரே குரலில் இருபத்து நான்கு பேர்

காலை எட்டு மணிக்கு இருபத்து நான்கு பெண்கள் ஒரே குரலில் எப்படி வேலைக்கு வர முடியும்?

மேனேஜர் சபரிநாதன் ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் கேட்டார். "ரோஜா, எண் ஒன்று, வந்துவிட்டேன்." "வள்ளித்தாய், எண் இரண்டு, வந்துவிட்டேன்." கடைசிப் பெயர்வரை அதே குரல்தான்.

பட்டாசுக்கு அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி அது. அலுவலகம் விருதுநகரில், பெட்டி ஒட்டும் கூடம் மல்லாங்கிணறு பக்கம். பசையிலும் அட்டையிலும் தேய்ந்து தேய்ந்து அந்தப் பெண்களின் விரல்களில் ரேகை மங்கிவிட்டது. முன்பிருந்த கைரேகை மிஷின் பாதிப் பேரை ஏற்கவில்லை. அதனால், பெயரையும் எண்ணையும் வாயால் சொன்னால் வருகை போடும் மிஷினை வாங்கிக் கூடத்து வாசலில் மாட்டச் சொன்னவர் சபரிநாதன். அதில் ஒரு ஓட்டை இருந்தது. என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும்தான் அது கவனிக்கும். சொல்வது யார் என்று பார்க்காது.

முதலாளி சங்கரபாண்டியனும் பதிவைக் கேட்டார்.

"ஏம்ப்பா சபரி, ஒருத்தி வந்து எல்லாருக்கும் ஆஜர் போடுறா. மத்த இருபத்து மூணு பேரும் வீட்ல படுத்துக்கிட்டே கூலி வாங்குறாளுக."

"பெட்டி லோடு ஒண்ணும் குறையலையே அண்ணாச்சி."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. போய்ப் பாரு. ஒரு ஆளு குறைஞ்சாலும் மிஷினைக் கழட்டிக்கிட்டு அதோட நீயும் வீட்டுக்குப் போயிரு."

ஒரு மணி நேரத்தில் சபரிநாதன் கூடத்தில் நின்றார். கையில் படம் ஒட்டிய பட்டியல். முதல் பெயர் ரோஜா, அதனால் அந்தக் குரலும் அவளுடையதுதான்; குற்றவாளியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவளை விட்டுவிட்டு, இரண்டாம் எண்ணிலிருந்து பெயர்களைக் கூப்பிட்டார். வள்ளித்தாய் எழுந்தாள். வீரலட்சுமி எழுந்தாள். ஒவ்வொரு முகத்தையும் படத்தோடு ஒத்துப் பார்த்தார். இருபத்து மூன்று பேரும் பசைக்கையோடு எழுந்து நின்றார்கள்.

"அம்புட்டுப் பேரும் இருக்கீக. பெறகு ஏன் அவங்கவங்க பேரை அவங்கவங்க சொல்லல?"

"சொல்லாமலா இருந்தோம்?" என்றாள் வள்ளித்தாய். "நாங்க 'வந்துட்டேன்'னு சொன்னா அதுக்கு வெளங்கலையே சார். மூணு தடவ கத்துனேன், மீண்டும் முயலவும்ங்குது. எம்புருசனே ரெண்டாந் தடவையில புரிஞ்சுக்கிடுவாரு."

"ரோஜா சொன்னா மட்டும் எப்படி வெளங்குது?"

"அவ கோயில் பொங்கலுக்கு மைக்ல அறிவிப்புக் குடுக்கிறவ. டிவி நியூஸ் கணக்காப் பேசுவா. அதான் எல்லாருக்கும் சேத்து அவளையே சொல்லச் சொன்னோம்."

சபரிநாதனுக்குப் புரிந்துவிட்டது. செய்தி வாசிப்பதைப் போன்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே தமிழ் படித்த மிஷின் அது. மல்லாங்கிணறு பேசும் தமிழை யாரும் அதற்குக் கேட்கக் கொடுத்ததில்லை. மற்றபடி இங்கே ஒரு திருட்டும் நடக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே முதலாளியைப் போனில் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு ஆளும் குறையல. மிஷினுக்குத்தான் காது சரியில்ல. ரோஜான்னு ஒரு பிள்ளை எல்லாருக்கும் சேத்துச் சொல்லியிருக்கு."

"அப்படியா? கெட்டிக்காரப் பிள்ளையா இருக்கே. அதுகிட்ட போனைக் குடு, நானே ரெண்டு நல்ல வார்த்தை சொல்றேன்."

சபரிநாதன் போனை நீட்டியபடி கூடத்தைப் பார்த்தார். "ரோஜா யாரும்மா? முன்னால வாங்க."

யாரும் வரவில்லை. வீரலட்சுமி வேகமாக அடுத்த பெட்டியை ஒட்ட ஆரம்பித்தாள். வள்ளித்தாய்தான் தூக்குவாளிப் பைக்குள் கைவிட்டு, திரையில் கீறல் விழுந்த பழைய செல்போன் ஒன்றை எடுத்தாள்.

"இதுகிட்டப் பேசச் சொல்லுங்க சார். ஆனா திருப்பிப் பேசாது."

ரோஜா திருப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. போகும்போது எல்லோர் பெயரையும் அந்தப் போனில் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், அதற்குக் கூலியாகத் தன் பெயரை முதலாவதாகச் சேர்த்து.