ஒன்பதாவது மாசம்

"எத்தனாவது மாசம்மா?" பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணி கேட்டார்.

"ஒன்பது" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எண்ணியது மாத்திரை மாதங்களை. இருபத்து மூன்று வயதில் கர்ப்பப்பையில் புற்றுநோய். எடுத்துவிடலாம் என்று மூன்று டாக்டர்கள் சொல்ல, இந்த டாக்டர் மட்டும் ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளிருந்து துளி திசு எடுத்துச் சோதனை. முந்தைய இரண்டு முறையும் நோய் இருந்தது. இன்று மூன்றாவது முடிவு.

இன்றும் இருந்தால் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும்.

மாத்திரை நோயை என்ன செய்ததோ, என் எடையைப் பதினோரு கிலோ ஏற்றியிருந்தது.

இதையெல்லாம் முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன்.

"ஒன்பதுன்னா வயிறு இன்னும் இறங்கலையே" என்று கவலைப்பட்டார்.

என் மறுபக்கம் நின்றிருந்த அம்மாவின் காதில் இது எதுவும் விழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. டாக்டரே எழுந்து வந்திருந்தார்.

"ரிப்போர்ட் வந்துடுச்சும்மா. ஒண்ணும் இல்ல. சுத்தமா இல்ல. அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்."

அம்மா மடங்கி உட்கார்ந்து அழுதாள். இத்தனை மாதமும் என் முன்னால் ஒருமுறைகூட அழாதவள்.

பெண்மணிக்கும் கண் நிறைந்துவிட்டது. அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டார்.

"மனசை விட்டுடாதீங்க. சின்ன வயசு. கர்ப்பப்பை நல்லா இருந்தா சீக்கிரமே இன்னொண்ணு தங்கும்."

"நல்லா இருக்காம்" என்றாள் அம்மா, விசும்பலுக்கு நடுவே. "உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்."

பெண்மணி குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"மாப்பிள்ளைக்குச் சொல்லிட்டீங்களா?"

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரை இனிமேதான் தேடணும்."

தோளில் இருந்த கை மெல்ல நழுவியது.

வாரம் ஒரு வரனோடு வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவள் அம்மா. நோயின் பெயரைக் கேட்ட நாளோடு அந்தப் பேச்சை நிறுத்தியிருந்தாள்.

வழக்கமாக எரிந்து விழுவேன்.

"கொஞ்சம் உயரமா பாரும்மா" என்றேன்.