கிளி பிரித்துப் பார்த்த சொல்

துறைமுகத்துக் கிளிக்குத் துருக்கி மொழி மேல் கொள்ளை ஆசை. கப்பலில் வந்து இறங்கிய துருக்கிப் பூனையைப் பிடித்துக்கொண்டு தினமும் பாடம் கேட்டது.

"வினைச்சொல்லின் வாலில்தான் எல்லாம் இருக்கிறது, அம்மணி. யார், எப்போது, முடியுமா முடியாதா, எல்லாம் வரிசையாக ஒட்டிக்கொண்டு வரும்," என்றது பூனை.

அன்றிலிருந்து பூனை வாயைத் திறந்தாலே கிளி அதைக் கொத்திப் பிரிக்க உட்கார்ந்துவிடும். பசிக்கிறது என்று பூனை சொன்னால்கூடச் சோறு வராது, இலக்கணம்தான் வரும்.

ஒரு மழைநாளில் பூனை பாசியில் வழுக்கிக் கடலில் விழுந்தது. பயத்தில் அதற்குத் தாய்மொழிதான் வந்தது.

"யூஸெமியோரும்!"

"இரு, இரு, அர்த்தம் சொல்லிவிடாதே! யூஸ் என்றால் நீந்துவது…"

கரையில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது. "உன் வாத்தியார் என்னடி இப்படிக் கத்துகிறார்? குதித்து இழுத்து வரட்டுமா?"

"பாடம் நடக்கிறது, நீ தூங்கு! எம் என்றால் முடியாதது. இயோர், இப்போது. உம் என்றால் நான்."

கிளி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது. "என்னால் இப்போது நீந்த முடியவில்லை! சரிதானே?"

ஒரு தப்பும் இல்லை. சரி என்று சொல்லத்தான் தண்ணீருக்கு மேலே யாரும் இல்லை.