எலி கடித்த ஒயர்

“ஏட்டி, வண்டி வாங்கி முழுசா ஒரு வருசம் ஆகல. அதுக்குள்ள முன்னாடி லைட்டு ரெண்டும் செத்துப்போச்சு!”

மகாதேவன் வாசலில் நின்று போட்ட சத்தத்தில், அடுக்களையில் மனைவி இராமலட்சுமியின் கையிலிருந்த கரண்டி நழுவியது.

அவர் சொன்னது ஹெட்லைட்டை அல்ல. காரை ஸ்டார்ட் செய்ததுமே பட்டப்பகலிலும் பளிச்சென்று எரியுமே, அந்த டி.ஆர்.எல். விளக்குகளை.

“கிளம்பு, ஒர்க்‌ஷாப்புக்குப் போவோம்.”

“நான் எதுக்கு?”

“வான்னா வாயேன். எல்லாத்துக்கும் ஒரு கேள்வி!”

அவள் பயந்துகொண்டேதான் அடுப்பை அணைத்தாள். காரணம் இருந்தது.

அவள் லைசென்ஸ் எடுத்த புதிதில், ஐந்தருவி ரோட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கினார் மகாதேவன். “கிளட்ச்! கிளட்ச்! கண்ணை எங்கட்டி வச்சிருக்கே?” என்று அவர் கத்திய கத்தலில், நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, இலஞ்சியில் இருக்கும் வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தாள். “இனிமே என் வண்டியைத் தொட்டுராத” என்பது அன்றைய தீர்ப்பு.

ஆனால் மூன்று மாதமாகத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் அவர் பைக்கில் ஆபீஸ் கிளம்பிய பிறகு, பக்கத்து வீட்டு ஹுஸ்னாவைத் தென்காசிக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப்போய் வருகிறாள். ஹுஸ்னாவின் மகன் சவுதியில் இருக்கிறான். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ் படியிலேயே ஹுஸ்னா மயங்கி விழுந்தாள். அதன்பிறகு இராமலட்சுமி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியாதா?

இன்று வியாழக்கிழமை. குட்டு உடைந்தால் நாளைக்கு ஹுஸ்னா மறுபடியும் அந்த பஸ்ஸில்தான் தொங்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரீஷியன் சொரிமுத்து அண்ணாச்சி பானெட்டைத் திறந்து, மீட்டரை வைத்து அங்கங்கே தொட்டுப் பார்த்தார்.

“ஃபியூஸ் நல்லாருக்கு. லைட்டும் நல்லாருக்கு சார், தனியா கரண்டு குடுத்தா எரியுது. அப்போ எரிய வேண்டாம்னு வண்டிதான் சொல்லுது.”

“வண்டி எதுக்குவே வேண்டாம்னு சொல்லுது?”

“இந்த மாடல்ல ஹேண்ட் பிரேக் போட்டிருந்தா டி.ஆர்.எல். எரியாது. இங்கன பாருங்க, லிவரை இறக்கியாச்சு. ஆனா டேஷ்போர்டுல பிரேக்குக்கான சிவப்பு விளக்கு அணையல. பிரேக் போட்டிருக்குன்னே வண்டி நினைச்சுக்கிட்டிருக்கு.”

இராமலட்சுமி ஓரடி பின்வாங்கினாள். மகாதேவன் ஹேண்ட் பிரேக்கைத் தொடவே மாட்டார். கியரில் போட்டு நிறுத்துகிற ஆள். அதை இழுப்பவள் அவள்தான். ஆஸ்பத்திரி வாசல் சரிவில் வண்டி உருண்டுவிடுமோ என்று பயந்து, முரட்டு மாட்டைக் கயிறு பிடித்து நிறுத்துவதுபோல இரண்டு கையாலும் இழுப்பாள்.

அண்ணாச்சி லிவரின் உறையைக் கழற்றினார். அடியில் ஸ்விட்ச் உட்கார்ந்திருந்த தகடு வளைந்து கிடந்தது. அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“என்னவே, பேச்சைக் காணோம்?” என்றார் மகாதேவன்.

“எலி சார். ஸ்விட்சுக்குப் போற ஒயரைக் கடிச்சு வச்சிருக்கு. அது பாடியில ஒட்டுது. அதான் கோளாறு.”

இராமலட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“கேட்டியாட்டி? மல்லி மூட்டையை ஷெட்டுல வைக்காத வைக்காதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்லா!”

“அப்புறம் ஒண்ணு சார்,” என்றார் அண்ணாச்சி. “சரிவுல நிறுத்தும்போது ஃபுட் பிரேக்கை நல்லா மிதிச்சுக்கிட்டு, அப்புறமா ஹேண்ட் பிரேக்கைப் போடணும். ஒரு கை போதும். நாலு ‘கிளிக்’ கேட்டா விட்டுரலாம். அதுக்கு மேல இழுத்தா தகடு வளைஞ்சிரும்.”

வேறு நாளாக இருந்தால், எனக்கே பாடமா என்று மகாதேவன் சண்டைக்குப் போயிருப்பார். இன்று, “இன்னொருக்கா சத்தமா சொல்லும்” என்றார். அண்ணாச்சி சொன்னார். இராமலட்சுமி அதை அப்படியே மனசுக்குள் எழுதிக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்தில் விளக்குகள் இரண்டும் எரிந்தன. “எதிர்க்கடையில எலிப்பொறி வாங்கிட்டு வந்துருதேன்” என்று மகாதேவன் சாரலில் நனைந்துகொண்டே ரோட்டைத் தாண்டினார்.

அவள் உடனே அண்ணாச்சியிடம் போனாள். “அண்ணாச்சி, நீங்க நல்லாருக்கணும். எனக்காகப் பொய் சொல்லி என்னைக் காப்பாத்திட்டீங்க.”

“என் பொய்யா? நல்ல கதையா இருக்கும்மா! நேத்தே சார் போன் போட்டாவ. ‘ஹேண்ட் பிரேக்ல ஏதோ ஆயிருக்கு அண்ணாச்சி. அவ முன்னால எலின்னு சொல்லிரும். இல்லன்னா பயந்துபோயி வெள்ளிக்கிழமை வண்டியை எடுக்க மாட்டா. எப்படி இழுக்கணும்னு மட்டும் அவ காதுல விழுத மாதிரி சொல்லும்’னாவ.”

“அவியளுக்கு... எப்படித் தெரியும்?”

“ஆஸ்பத்திரி வாசல்ல பார்த்திருக்காவ. ரிவர்ஸ்ல ஒரே தடவையில நிறுத்துனியளாம்லா? சொல்லும்போது சாருக்குப் பெருமை தாங்கல.”

“பார்த்துட்டு ஏன் எங்கிட்ட வரல?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘பக்கத்துல போனா எனக்கு வாய் சும்மா இருக்காதுவே, கத்திப்புடுவேன். அதான் டீக்கடைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன்’னாவ.”