மயங்கி விழாத ஆள் தேவை

"மன அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பே?"

"சமாளிக்க மாட்டேன் டாக்டர். யாரு குடுத்தாங்களோ, அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடுவேன்."

பேராசிரியர் மம்தூஹ் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார். குழந்தைகளுக்கான இதய அறுவையில் மேற்பயிற்சி பெற அலெக்ஸாண்ட்ரியாவிலேயே அவரிடம் இருந்தது ஒரே ஓர் இடம். காலையிலிருந்து வந்த ஆறு பேரும் கடற்கரையில் நடப்பேன், மூச்சை ஆழமாக இழுத்து விடுவேன் என்று ஒப்பித்துவிட்டுப் போயிருந்தார்கள். இவள் ஏழாவது. பெயர் நெர்மீன் என்று பக்கத்திலிருந்த டாக்டர் வஃபா சொல்லியிருந்தார். விண்ணப்பங்களைப் படிப்பது வஃபாவின் வேலை. ஆளைப் பார்த்தே எடை போட்டுவிடுவதாக மம்தூஹுக்கு நினைப்பு.

"என் தியேட்டர்ல இந்த வாய் எடுபடாதும்மா. பன்னெண்டு மணி நேரம் நிக்கணும்."

"நிப்பேன். நீங்களும் கூட நின்னா."

வஃபா தேநீரைக் கலக்கினார். அதில் சர்க்கரை போடவே இல்லை.

"இப்படித்தான் முன்னாடி ஒருத்தி இருந்தா" என்றார் மம்தூஹ். "ரமலான் மாசம். ஆபரேஷன் நடுவுல நோன்பு திறக்கற பாங்கு சொல்லிட்டாங்க. ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணி, ரெண்டு நிமிஷம் போதும்னா. முதல்ல தையலை முடின்னேன். மயங்கி விழுந்துட்டா. அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"தையலை முடிச்சாங்களா?"

"ம்... முடிச்சுட்டுத்தான் விழுந்தா."

"குழந்தை?"

"ஓடி விளையாடுது."

"அப்போ வீட்டுக்கு அனுப்ப வேண்டியது யாரை டாக்டர்?"

மம்தூஹின் காது மடல் சிவந்தது. அவரை எதிர்த்து யாராவது பேசி இருபது வருஷம் இருக்கும். அவர் மனைவி நீங்கலாக.

"உனக்கு இந்த இடம் வேணுமா, வேண்டாமா?"

"ரொம்ப வேணும். அதுக்காகக் கேக்கவேண்டியதைக் கேக்காம இருக்க முடியாது. நோன்பு திறக்க ரெண்டு நிமிஷம் தரணும். தர முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, கிளம்பறேன்."

அவள் எழுந்தேவிட்டாள்.

"உக்காரு" என்றார் மம்தூஹ். அவர் முகத்தில் அபூர்வமாக ஒரு சிரிப்பு. "பேப்பரைக் குடுங்க வஃபா. இப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டிருந்தேன். அந்த மயக்கக்காரிக்கு இதுல கால்வாசித் தைரியம் இருந்திருந்தா நான் ஏன் அனுப்பப்போறேன்?"

கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். "நாளைக்கே வந்துடு. தியேட்டர் எங்கேன்னு வஃபா காட்டுவாங்க."

"வேண்டாம் டாக்டர், தெரியும்" என்ற நெர்மீன், கைப்பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

அறுவை மேசைக்கு எதிர்ப்பக்கம் எட்டு மாதம் பார்த்த, ஒரு நாளும் பெயர் கேட்டிராத அந்த இரண்டு கண்களை அப்போதுதான் மம்தூஹுக்கு அடையாளம் தெரிந்தது.