கொள்ளிக்கு உரியவர்

தகன மண்டபத்தில், இடது கையில் கைபேசியை அவள் தூக்கிப் பிடித்திருந்தாள். அப்பாவின் சவப்பெட்டி அதில் முழுதாகத் தெரியவேண்டும் என்று பெரியப்பா சொல்லியிருந்தார்.

கை வலித்தது. காலையிலிருந்து அவளுக்கு உறைத்தது அது மட்டும்தான்.

திரையில், யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டு முற்றத்தில், சித்தப்பாவின் மகன் தயாபரன் ஈர வேட்டியோடு நின்றான். தலையை மழித்திருந்தான். அப்பாவை அவன் கடைசியாகப் பார்த்தது ஐந்து வயதில். இப்போது நாற்பது.

ஆனால் ஆண்பிள்ளை.

அப்பாவுக்கு அவள் ஒருத்திதான். பெரியப்பாவுக்கும் இரண்டு பெண்கள். கொள்ளி வைக்க லண்டன் முழுக்கத் தேடியும் குடும்பத்தில் ஓர் ஆண்பிள்ளை அகப்படவில்லை.

"நீதான் வைக்கவேணும், பிள்ளை" என்று ஆஸ்பத்திரியில் அப்பா அவளிடம் சொல்லியிருந்தார். அப்போது அறையில் வேறு யாரும் இல்லை. பெரியப்பாவிடம் அவள் சொல்லிப் பார்த்தாள். மருந்து மயக்கத்தில் ஏதும் பேசியிருப்பான் என்று முடித்துவிட்டார்.

குருக்கள்தான் வழி கண்டுபிடித்தார். தயாபரன் அங்கே கற்பூரம் கொளுத்துவான். அதே கணத்தில் அவள் இங்கே சுவரிலுள்ள பச்சைப் பொத்தானை அழுத்துவாள். பெட்டி உலைக்குள் போகும்.

"வைக்கிறது அவர்தான், தங்கச்சி. நீங்கள் சும்மா அமத்தினால் காணும்" என்றார் குருக்கள்.

அவள் தலையாட்டினாள்.

மந்திரம் முடிந்தது. தயாபரன் தீப்பெட்டியை எடுத்தான்.

படம் நின்றுவிட்டது.

வாய் பாதி திறந்திருக்க, உரசாத குச்சியோடு அவன் அப்படியே நின்றான்.

"ஹலோ, ஹலோ" என்றார் பெரியப்பா. பின்வரிசையும் சேர்ந்து ஹலோ சொன்னது. எல்லாருடைய கண்ணும் கைபேசியில். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவர்களுக்குத் தந்த நேரம் முடிந்திருந்தது. அடுத்த குடும்பம் கறுப்புக் கோட்டுகளோடு வாசலில் காத்திருந்தது.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

அப்பா, வைக்கிறேன் என்று மனதுக்குள் சொன்னாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

பெட்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. இரும்புக் கதவு இறங்கியது.

கைபேசியில் படம் மறுபடி அசைந்தது. தயாபரன் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"வைச்சாச்சு, பெரியப்பா."

பெரியப்பா கதவைப் பார்த்தார். மூடியிருந்தது.

"இனி என்ரை தம்பிக்கு ஒரு குறையுமில்லை" என்று வாய்விட்டு அழுதார்.

அவரால் அழ முடிவதைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

குருக்கள் கைபேசிக்கு அருகே குனிந்தார். கொள்ளி வைத்தவருக்குச் சொல்லவேண்டியதைச் சொன்னார்.

"தம்பி, திரும்பிப் பாராமல் போங்கோ."

தயாபரன் முதுகைக் காட்டி நடந்தான். திரையில் ஒரு சுவரும் பிளாஸ்டிக் கதிரையும் மிஞ்சின.

பெரியப்பாவைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

இரும்புக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது.

பார்க்கக்கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அவள் கிட்டப்போய் நின்று, அப்பா எரிவதைப் பார்த்தாள்.